17,000 ரூபாய்க்குள் ஒரு தேர்தல்: உள்ளாட்சி வேட்பாளர்களின் செலவுக் கணக்கை ஆராய்வது எப்படி

2022 பிப்ரவரியில் என் சின்னம்மா மகள் கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி வார்டில் சுயேச்சையாக நின்றாள். பெண்கள் வார்டு, அவளுக்கும் தெருவில் நல்ல பெயர், நாலு பேர் சொன்னார்கள், நின்றுவிட்டாள். கணக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. பேரூராட்சி வார்டுக்கு அப்போது செலவு உச்சவரம்பு 17,000 ரூபாய். ஒரு நோட்டு வாங்கி, நோட்டீஸ், ஆட்டோ, மைக் செட், டீ என்று நாள்வாரியாக எழுதினேன். தோற்றுப்போன அன்றைக்குச் சாயங்காலம் அவள் கேட்ட முதல் கேள்வி, “தோத்ததுக்கும் கணக்கு குடுக்கணுமாண்ணே?”

கொடுக்கணும். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கணும், கொடுக்காவிட்டால் 3 ஆண்டு போட்டியிடத் தகுதி நீக்கம் செய்ய முடியும். அந்தக் கணக்கை ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வரும்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: இதை யார் படிப்பார்கள்? அந்தச் சந்தேகத்தின் பின்னாலேயே போய் இரண்டு வருஷம் அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஊர்ச் செய்தியாளர்கள் எடுத்துக்கொள்ளலாம், வார்டில் யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியைச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘உள்ளாட்சி அமைப்புகள் தேர்தல் நிதியை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன’ என்ற தலைப்போடு பலர் வருகிறார்கள். அது அமெரிக்க நகரங்களுக்குப் பொருந்துகிற கேள்வி. நியூயார்க் நகரத்துக்கு 1988 முதல் தனியாக ஒரு தேர்தல் நிதி வாரியமே இருக்கிறது, சிறு நன்கொடைகளுக்கு ஈடாக நகரத்தின் பொதுப்பணத்தைப் பல மடங்காகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சியாட்டில் நகர மக்கள் 2015-ல் ஓட்டுப் போட்டு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள், ஆளுக்கு 25 டாலர் மதிப்புள்ள நாலு சீட்டு வீட்டுக்கு வரும், பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். அங்கே நகரமே விதி போடுகிறது, நகரமே காசும் கொடுக்கிறது. நம் ஊரில் கடலூர் மாநகராட்சியோ பண்ருட்டி நகராட்சியோ தன் தேர்தலுக்குத் தானே ஒரு வரி விதிகூட எழுத முடியாது. 1992-ல் வந்த 73-வது, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தல் முழுவதையும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்துவிட்டன. ஊராட்சிகளுக்கு 243-கே, நகரங்களுக்கு 243-இசட்ஏ என்ற பிரிவுகள். சட்டம் போடுவது சட்டமன்றம், வரம்பை அறிவிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம்.

ஆனால் கணக்கை வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் உள்ளூர் ஆபீஸ். கிராமத்தில் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ ஆபீஸ். பேரூராட்சியில் செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சியில் ஆணையர். இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். யாருடைய கணக்கை வாங்கிச் சரிபார்க்க வேண்டுமோ, அவர் ஜெயித்துவிட்டால் அதே ஆபீஸில் அடுத்த 5 வருஷம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தெரு விளக்கு டெண்டரிலிருந்து குடிநீர் மோட்டார் வரை அவரோடு பேசித்தான் காரியம் நடக்கும். அந்த ஊழியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் உறையைப் பிரித்துக் கேள்வி கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆய்வின் கேள்வி இதுதான்: விதி எழுதுகிற இடத்துக்கும் கணக்கு போய்ச் சேருகிற இடத்துக்கும் நடுவில் என்ன ஆகிறது?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம், அதற்கு 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பறக்கும் படை, நிலைக் கண்காணிப்புக் குழு, செலவினப் பார்வையாளர், அதிகாரிகளே தனியாக எழுதி வைக்கும் நிழல் பதிவேடு என்று நாம் டிவியில் பார்க்கிற பெரிய ஏற்பாடெல்லாம் அந்தப் பக்கத்தில் வளர்ந்தது. அதையெல்லாம் அப்படியே வார்டு தேர்தலில் தேடினால் ஏமாறுவீர்கள். நானும் முதல் மாதம் முழுக்கத் தவறான சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்து நடங்கள்: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998 என்று பெயர் இருக்கிறதே தவிர, அதன் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். 2022 தேர்தலைப் பற்றி எழுதும்போது அதை மேற்கோள் காட்டினால் கைடு திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்ப வேண்டும். நகராட்சிகளுக்கு அப்போது இருந்தது 1920-ம் ஆண்டுச் சட்டம். கிராமங்களுக்கு 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம்.

எங்கே ஆரம்பிப்பது

மாவட்டம் முழுக்க எடுக்காதீர்கள். கடலூர் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியம், 683 கிராம ஊராட்சி, ஒரு மாநகராட்சி, 6 நகராட்சி, 14 பேரூராட்சி. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. ஒரு கிராம ஊராட்சியும் ஒரு மாநகராட்சி வார்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட அது போதும். நேரம் இருந்தால் தென்பெண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் இருக்கும் பாகூர் கொம்யூனை (கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி அமைப்பு) சேர்த்துக்கொள்ளலாம், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிராமங்களுக்குக் கடலூர் மாவட்டத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். 2016-ல் நடந்திருக்க வேண்டியது, வழக்கில் போய் நின்று மூன்று வருஷம் தள்ளி நடந்தது. 2025 ஜனவரியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கையில் போனது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. கடலூர் நகராட்சி அதற்கு முந்தின வருஷம்தான் மாநகராட்சி ஆகியிருந்தது, 45 வார்டு, முதல் மாநகராட்சித் தேர்தல். இந்த இரண்டு தேர்தலும்தான் உங்கள் களம். 2022-ல் கொரோனா கட்டுப்பாடுகள் வேறு இருந்தன, ஊர்வலம் கிடையாது, அதனால் அந்த வருஷத்துக் கணக்கில் பிரசாரச் செலவு குறைவாகத் தெரிந்தால் உடனே ‘பொய்க்கணக்கு’ என்று குதித்துவிடாதீர்கள்.

அப்புறம் வரம்புகள். 2019-ல் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. 2022-ல் பேரூராட்சி வார்டுக்கு 17,000, சிறிய நகராட்சி வார்டுக்கு 34,000, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்கிற பெரிய நகராட்சிகளுக்கும் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கும் 85,000, சென்னைக்கு 90,000. இந்த எண்களை அப்படியே பட்டியல் போட்டு வைத்தால் ஒன்றும் விளங்காது. வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டில் எத்தனை ஓட்டு என்று பார்த்து வகுத்துப் பாருங்கள். 1,700 ஓட்டு உள்ள பேரூராட்சி வார்டு என்றால் ஓட்டுக்கு 10 ரூபாய் வருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்து, இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றினாலே அதில் பெரிய பங்கு போய்விடும். அப்போது உங்களுக்கே தோன்றும், இந்த வரம்பு யாருக்காகப் போட்டது என்று. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிற ஏழை வேட்பாளரை இது இறுக்கிப் பிடிக்கிறது, பணக்கார வேட்பாளரை இது தொடுவதே இல்லை என்பது என் கருத்து. உங்கள் வார்டு எண்கள் வேறு சொன்னால் என் கருத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கணக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

நேராக ஆபீஸுக்குப் போய் “தேர்தல் செலவு கணக்கு பாக்கணும் சார்” என்று கேட்டால், உங்களை எந்தக் கட்சி என்று கேட்பார்கள். எனக்கு அதுதான் நடந்தது, ஆபீஸ் பேர் வேண்டாம். மூன்றாவது முறை போனபோது அந்தப் பிரிவைப் பார்க்கிறவர் மாற்றலாகிப் போயிருந்தார். அதனால் தகவல் உரிமைச் சட்ட மனுவோடு ஆரம்பியுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘தேர்தலில் முறைகேடு நடந்ததா’ என்று கேட்டால் அது தகவல் இல்லை, கருத்து, ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். ‘ஏன்’ என்று ஆரம்பிக்கிற எதையும் கேட்காதீர்கள். இன்ன வார்டில் போட்டியிட்டவர்களில் கணக்கு கொடுத்தவர்கள் பட்டியல், கொடுத்த தேதியோடு, கொடுக்காதவர்கள் பட்டியல், கொடுக்காதவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் நகல், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பிய அறிக்கை நகல், தகுதி நீக்க உத்தரவு ஏதாவது வந்திருந்தால் அதன் நகல். இவ்வளவுதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கொடுக்காதவர்கள் பட்டியல். கொடுத்தவர் கணக்கில் என்ன பொய் இருக்கிறது என்று தேடிக் களைப்பதற்கு முன்னால், விதியை யார் கண்டுகொள்ளவே இல்லை, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். விதி உயிரோடு இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

கூடவே, கணக்குகளை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். சட்டத்திலேயே ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை இருக்கிறது, முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. நகலாக வாங்கினால் நீங்கள் கேட்டது மட்டும்தான் வரும், நேரில் போனால் கட்டே மேஜைக்கு வரும். ‘எங்களிடம் இல்லை, வேறு அலுவலகத்தைக் கேளுங்கள்’ என்று பதில் வந்தால், 6(3) பிரிவின்படி மனுவை அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்று முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுத்தாலும் மேல்முறையீடுதான். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று சொன்னால் மனம் தளராமல் அழிப்பதற்கான உத்தரவின் நகலைக் கேளுங்கள். அந்தக் காகிதம் வரவில்லை என்றால் கட்டு எங்கேயோ பீரோவுக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள், அது சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். அங்கே போனால் மாசக்கணக்கில் ஆகும், ஆகவே படிப்பு முடிகிற வருஷத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கணக்கைப் படிப்பது

கையில் கிடைத்ததும் கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள். அது எப்படியும் வரம்புக்குள்தான் இருக்கும். வரிகளைப் பாருங்கள். ஒரே வார்டில் மூன்று வேட்பாளர் ஒரே மாதிரி கையெழுத்தில், ஒரே மாதிரி தொகையில் எழுதியிருந்தால், ஒரே ஆள் மூன்று பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் 500, 1,000 என்று முழு எண்ணாக இருந்தால் ரசீதைப் பார்த்து எழுதவில்லை, உட்கார்ந்து யோசித்து எழுதியது. உண்மையான கணக்கில் 340, 1,275 என்று உடைந்த எண்கள் கிடக்கும்.

விலை சரியா என்று பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் டீ, காபி, சாப்பாடு, நாற்காலி, பந்தல், ஃப்ளெக்ஸ், வண்டி வாடகை என்று ஒரு விலைப்பட்டியல் போடுவார்கள், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். 2022 கணக்குக்கு 2021 ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலின் பட்டியல் கிட்டத்தட்டப் பொருந்தும். அதுவும் அதிகாரிகள் போட்ட விலைதானே தவிர கடைவிலை இல்லை. கடைவிலைக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கடை சுற்றுகிற வேலையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பிடித்த பகுதி. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் சதுர அடிக் கணக்கில் சொல்வார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் நாள் கணக்கு, பேட்டரி தனி. ஆட்டோக்காரர் டீசல் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பார். நோட்டீஸ் ஒன்று பழைய புத்தகத்துக்குள் எங்காவது கிடைத்தால் பத்திரமாக வையுங்கள், அடியில் அச்சகத்தின் பெயரும் எத்தனை பிரதி என்பதும் போட்டிருக்கிறதா பாருங்கள். கணக்கில் 1,000 பிரதி, நோட்டீஸில் 5,000 பிரதி என்றால் உங்களுக்கு ஒரு பத்தி எழுதக் கிடைத்துவிட்டது. கேட்கும்போது “அந்தக் கட்சிக்காரர் எவ்வளவு கொடுத்தார்” என்று கேட்காதீர்கள், கடைக்காரர் வாயை மூடிக்கொள்வார், நியாயம்தான், அவருக்கு அடுத்த தேர்தலும் வரும். “அண்ணே, எலக்‌ஷன் சமயத்துல ஒரு நாளைக்கு எத்தனை போர்டு ஓடும்?” என்று கேளுங்கள். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒருவரிடம் இப்படிக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன், ஒரு மணி நேரம் பேசினார், கட்சிக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது உட்பட. தேர்தல் செலவில் கடன் பாக்கி என்று ஒரு வகை இருப்பதே அப்போதுதான் உறைத்தது. தோற்றவரின் ஃப்ளெக்ஸ் பாக்கி ஒரு நாளும் வசூலாவதில்லையாம்.

கணக்கில் வராதவை

ஆரத்தித் தட்டு. வேட்பாளர் தெருவுக்குள் வந்ததும் பெண்கள் தட்டோடு நிற்பார்கள், தட்டில் 50, 100 என்று போட வேண்டும், போடாவிட்டால் அந்த வீட்டு ஓட்டை மறந்துவிடலாம். இதற்கு யாரிடம் ரசீது வாங்குவது? அப்புறம் கூட வருகிற பையன்களுக்கு மதியச் சாப்பாடு, ராத்திரி ‘மற்றது’. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரி போகிற வழியில் ஆல்பேட்டை சோதனைச்சாவடி எதற்காக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், தேர்தல் வந்தால் அங்கே நிற்கிற போலீஸ் எண்ணிக்கை கூடுவதும் தெரியும். பாண்டிச் சரக்கின் விலை குறைவாக இருப்பது நம் பக்கத்துத் தேர்தல் செலவின் ஒரு பகுதி, எந்தக் கணக்கிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

தேதியையும் கவனியுங்கள். கணக்கு மனுத் தாக்கலில் இருந்துதான் தொடங்குகிறது. 2022-ல் மனு வாங்க ஆரம்பித்தது ஜனவரி 28. பொங்கலுக்கு வீடு வீடாக வந்த காலண்டர், கோலப் போட்டிக்குக் கொடுத்த குடம், கோயில் கும்பாபிஷேகத்துக்கு எழுதிய நன்கொடை, இதெல்லாம் ஜனவரி பாதிக்குள்ளேயே முடிந்துவிட்டது. கோயில் சுவரில் நன்கொடையாளர் கல்வெட்டில் பெயரும் தொகையும் வெட்டி வைத்திருப்பார்கள், போய்ப் படியுங்கள். ரசீதைவிட உறுதியான ஆவணம் அது.

கிராமத்தில் இன்னொரு சுழி. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை, சுயேச்சைச் சின்னங்கள்தான். ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலருக்கு மட்டும் கட்சிச் சின்னம். ஆகவே தலைவர் பதவிக்குச் செலவாவது கணக்கில் முழுக்க சொந்தக் காசு. நிஜத்தில் கட்சிக்காரர் காசும் வரும், சொந்தபந்தம் காசும் வரும், கடனும் வரும். 2019 டிசம்பரில் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊராட்சியில் தலைவர் பதவியை 50 லட்சத்துக்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்து தமிழ்நாடு முழுக்கப் பேசினார்கள். நிரூபணம் ஆனதா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆய்வு செய்கிறவருக்கு அதில் ஒரு கேள்வி கிடைக்கிறது: போட்டியே இல்லாமல் ஒருவர் வந்துவிட்டால் பிரசாரம் இல்லை, பிரசாரம் இல்லையென்றால் செலவு பூஜ்யம், கணக்கும் சுத்தமாக இருக்கும். அதனால் உங்கள் ஒன்றியத்தில் போட்டியின்றித் தேர்வானவர்கள் பட்டியலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அவர்களில் பலர் ஊர் ஒற்றுமையாலேயே வந்திருப்பார்கள், அதையும் எழுதுங்கள்.

நகரத்தில் மேயர் பதவி. 2011-ல் மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் மறைமுகத் தேர்தல், கவுன்சிலர்கள் மார்ச் 4-ல் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மேலே கொடுத்த உச்சவரம்புப் பட்டியலில் மேயருக்கு என்று ஒரு தொகை இல்லாதது அதனால்தான். பிப்ரவரி 22-ல் ஓட்டு எண்ணி முடித்ததற்கும் மார்ச் 4-க்கும் நடுவில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் கவுன்சிலர்கள் எங்கே தங்கினார்கள், அந்த ரூம் வாடகை யார் கொடுத்தது என்று வார்டுக் கணக்கில் தேடினால் கிடைக்காது. பழைய செய்தித்தாள்களை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து புரட்டுங்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியைச் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே படிக்க வேண்டியது கணக்கை இல்லை, கணக்கே இல்லாததை. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006-ல். அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்து, நீதிமன்றம் வரை போய், நடக்காமல் நின்றது. மாநிலத் தேர்தல் ஆணையம் இருக்கிறது, 1973-ம் ஆண்டுச் சட்டங்கள் இருக்கின்றன, 5 நகராட்சியும் 10 கொம்யூன் பஞ்சாயத்தும் 98 கிராமப் பஞ்சாயத்தும் இருக்கின்றன, அவற்றை நிர்வகிக்கிறது அதிகாரிகள். பிரெஞ்சுக்காரர்கள் 1880-ல் கொம்யூன் அமைத்து மேயர் தேர்தல் நடத்திய ஊர் இது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் ஒரு தலைமுறைக்கு வார்டு கவுன்சிலர் என்றால் யாரென்றே தெரியாது. தெரு விளக்கு எரியவில்லை என்றால் நேராக எம்எல்ஏ வீட்டுக்குப் போகிறார்கள். தொகுதிகளும் சின்னவை, 30 தொகுதி, எம்எல்ஏவே கவுன்சிலர் வேலையும் பார்க்கிறார்.

அதனால் அங்கே சட்டமன்றத் தேர்தல் கணக்கை எடுங்கள். 2021-ல் தமிழ்நாட்டுத் தொகுதிக்கு உச்சவரம்பு 30.8 லட்சம், புதுச்சேரிக்கு 22 லட்சம். 2022 ஜனவரியில் அது 40 லட்சமாகவும் 28 லட்சமாகவும் ஏறியது. தொகை குறைவுதானே என்று நினைக்காதீர்கள், புதுச்சேரித் தொகுதியில் வாக்காளர்கள் நம் தொகுதியில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான், ஓட்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் அந்தப் பக்கம்தான் உயரத்தில் நிற்கும். சட்டமன்றக் கணக்கைப் பார்ப்பது வார்டு கணக்கைவிடச் சுலபம் என்பதுதான் வேடிக்கை. 1961-ம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 88-வது விதியின்படி யார் வேண்டுமானாலும் 1 ரூபாய் கட்டி மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைப் பார்க்கலாம். தகவல் உரிமை மனு போட்டு மேல்முறையீடு வரை போனால் புதுச்சேரிக்கு இரண்டாவது மேல்முறையீடு டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும், நம் மாநில ஆணையத்துக்கு இல்லை. அதற்குள்ள படிவமும் கட்டண முறையும் வேறு, கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பித் திருப்பி வாங்காதீர்கள்.

கிடைத்ததை எழுதும்போது இரண்டே எச்சரிக்கை. கடைக்காரர், ஆட்டோக்காரர், ஆரத்தி எடுத்த அக்கா யார் பெயரையும் எழுதாதீர்கள், தெருப் பெயர்கூட வேண்டாம், சின்ன ஊரில் தெருவைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான். இரண்டாவது, தோற்ற வேட்பாளர் ஒருவர் உங்களைத் தேடி வந்து “தம்பி, எல்லா ஆதாரமும் நான் தரேன்” என்பார். வாங்கிக்கொள்ளுங்கள், அவருடைய கணக்கையும் அதே கையோடு கேளுங்கள்.

கடைசியாக என் பார்வையிடல் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைத்துப் போன ஆபீஸில் சிவப்பு நாடா கட்டிய கட்டு ஒன்றை மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். என் சின்னம்மா மகளின் கணக்கும் அதில் இருந்தது, நான் எழுதியது, நான் குத்திய குண்டூசி, குண்டூசி துருவேறித் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது, பிரித்த தடம் இல்லை. கூட்டுத்தொகை 14,215. என் நோட்டில் ‘ஆரத்தி 1,900’ என்று ஒரு வரி உண்டு. ரசீது இல்லையே, எதற்கு வம்பு என்று ராத்திரியோடு ராத்திரியாக அதை விட்டுவிட்டு வேறு தாளில் நானேதான் சுத்தமாக எழுதியிருந்தேன். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொன்னதும் கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.